மார்ஜின் சாமி

அச்சடித்த எதையும் அவர் முதலில் வாசிக்க மாட்டார். அதன்மேல் கையை வைத்துப் பார்ப்பார். புரூப்பை மேஜையில் விரித்து, எழுத்து முடிகிற இடத்திலிருந்து தாளின் விளிம்பு வரைக்கும் வலது உள்ளங்கையைப் படுக்க வைப்பார். கை முழுசாகப் படுத்துவிட்டால் முகம் மலரும். சுண்டுவிரல் எழுத்தின்மேல் ஏறிவிட்டதோ, போச்சு.

"பிள்ளைவாள், என் கை எங்கே படுத்துக்கும்?"

"சாமி, இது அப்பீல் ரிக்கார்டாக்கும். கட்டில் இல்ல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஓரம் பத்தலை. பிரிச்சு மறுபடியும் கட்டும்."

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு அச்சாபீஸில் நான் அப்போது மானேஜர். கீழ்க்கோர்ட்டில் தோற்றவன் அப்பீலுக்குப் போனால், சாட்சிகள் சொன்னது, பத்திரங்கள், தீர்ப்பு எல்லாவற்றையும் தலையணை கனத்துக்கு ஒரு புஸ்தகமாக அச்சடித்து, ஜட்ஜிக்கும் இரண்டு கட்சி வக்கீல்களுக்கும் கொடுக்கவேண்டும். அதுதான் எங்களுக்குச் சோறு. திருவனந்தபுரத்தில் அண்ணன் தம்பி சண்டை ஓயாதவரை எங்கள் மிஷினும் ஓயாது. மற்ற வக்கீல்கள் வந்தால் பிழை பார்ப்பார்கள், கூலியில் பேரம் பேசுவார்கள். எழுதாத இடத்தை மட்டும் பார்த்துத் திருத்தம் சொன்ன வாடிக்கைக்காரர் என் ஆயுசில் அவர் ஒருவர்தான்.

கோட்டைக்குள் வீடு. கறுத்த, உயரமான மனுஷர். தலைப்பாகை எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதுகூட மறுபக்கத்தில் கொஞ்சம் இடம் விடத்தானோ என்று எங்கள் கம்பாசிட்டர்கள் பேசிக்கொள்வார்கள். அவர்கள்தான் அவருக்கு மார்ஜின் சாமி என்று பெயர் வைத்தார்கள். பெயர் கோர்ட்டு வரைக்கும் போய்விட்டது. அவருக்கும் தெரியும். கோபப்பட்டதில்லை. பட்டம் கிடைத்த மாதிரி நடந்துகொண்டார்.

"நடுவிலே இருக்கறது கண்டவன் சொன்னது ஓய். சாட்சி புளுகினது, குமாஸ்தா காதிலே விழுந்தது, கீழ்க்கோர்ட்டு ஜட்ஜி தூக்கத்திலே எழுதினது. ஓரத்திலே இருக்கறதுதான் நான் சொல்றது. இதிலே எதுக்கு இடம் ஜாஸ்தி வேணும்? நீரே சொல்லும்."

நான் என்னத்தைச் சொல்ல? ஓரம் சொல்வது எல்லா வக்கீலுக்கும் தொழில். ஓரத்தில் சொல்வது இவருக்குத் தொழில்.

சும்மா ஓரம் விட்டாலும் ஆகாது. அதற்குச் சாஸ்திரம் உண்டு. விரித்த புஸ்தகத்தில் இடப்பக்கத் தாளின் ஓரம் இடது கைப்பக்கம் வரும். அங்கே எழுதப் போனால் கை அச்செழுத்தின்மேல் தவழவேண்டும், சட்டைக்கை மசியை ஈஷும். சரி, வலப்பக்கமே விடுவோம் என்றால் அது தையலுக்குள் போய் மூழ்கிவிடும். பேனாவுக்கு நீச்சல் தெரியவேண்டும். ஆகவே தாளின் ஒரு பக்கம்தான் அச்சடிக்கவேண்டும், பின்பக்கம் வெறுமையாக விடவேண்டும், அடித்த பக்கத்திலும் வலது பக்கம் மூன்றில் ஒரு பங்கு சும்மா கிடக்கவேண்டும், அஞ்சு வரிக்கு ஒருதரம் வரியெண் போடவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நாங்கள் கோத்த எழுத்தைவிடக் கோக்காத எழுத்துக்குத்தான் தாள் அதிகமாகச் செலவாயிற்று.

அந்த வெறுமையில் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் தமிழில் எழுதுவார். ரிக்கார்டு இங்கிலீஷிலும் மலையாளத்திலும் இருக்கும். குறிப்பு மட்டும் தமிழ். பாஷைப் பற்று ஒன்றும் இல்லை. கோர்ட்டில் பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்த்தால் புரியக்கூடாது, அவ்வளவுதான்.

கோர்ட்டுக் காகிதத்தோடு நின்றிருந்தால் அவரவர் பிழைத்திருப்பார்கள். கோவில் உற்சவ நோட்டீஸ் வந்தால், 'பக்தகோடிகள்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் 'எண்ணினது யார்?' என்று எழுதிக் கொண்டுவந்தவனிடமே திருப்பிக் கொடுப்பார். பஞ்சாங்கத்தில் 'சுபம்' என்று போட்டிருந்தால் 'யாருக்கு?' என்று கேட்டிருப்பார். மகள் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பத்திரிகையின் புரூப்பைச் சம்மதத்துக்காக அனுப்பியிருந்தார்கள். மரியாதைக்கு அனுப்பினது. இவர் அதை ஒரு முழு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். 'சிரஞ்சீவி' என்ற இடத்தில் 'ஆதாரம்?' என்றும், 'இஷ்டமித்ர பந்துக்களுடன்' என்ற இடத்தில் 'இஷ்டர் யார், மித்ரர் யார், பிரித்துக் காட்டவில்லை' என்றும் ஓரத்தில் எழுதியிருந்தது.

சம்பந்தி அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே வந்துவிட்டார். "எம் பிள்ளை சிரஞ்சீவி இல்லேங்கறேளா?"

"இல்லேன்னு எழுதலையே. நிரூபணம் ஆகலைன்னு கேட்டிருக்கேன்."

அன்றைக்குக் கல்யாணம் நின்றுபோகாததற்குக் காரணம் மாமி. சம்பந்தி கையில் காப்பியைக் கொடுத்து, "அவருக்கு அது ஒரு வியாதியாக்கும். ஆத்துக்காரியா நான் அனுபவிக்கறேன், நீங்க ஒரு நாள் அனுபவிக்கப்படாதா?" என்றாள். சம்பந்தி காப்பியைக் குடித்தார். வேறு வழியில்லை, காப்பி நன்றாக இருந்தது.

மாமி சொன்னதில் மிகை இல்லை. மனுஷர் வீட்டில் வாயைத் திறப்பது குறைவு. ஒருதரம் நான் புரூப்போடு மாடியில் நிற்கும்போது மாமி வந்து, "ராத்திரிக்கு என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள். அவர் நிமிரவில்லை. பக்கத்தில் கிடந்த பத்திரிகையின் ஓரத்தில் ஏதோ கிறுக்கி அவள் பக்கம் தள்ளினார். 'உப்புமா' என்று இருந்தது. அதன் கீழே 'நேற்று உப்பு அதிகம்' என்றும் இருந்தது.

மாமி என்னைப் பார்த்தாள். "பாத்தேளா பிள்ளைவாள்? எங்கப்பா என்னையும் ஓரம் விட்டு அச்சடிச்சுக் குடுத்திருந்தா, இவர் ஒருநாளாவது என் மூஞ்சியைப் பாத்திருப்பார்."

அவர் அதற்கும் நிமிரவில்லை.

அப்புறம் யுத்தம் வந்தது. அரிசி, மண்ணெண்ணெய் போன வழியிலேயே தாளும் போயிற்று. சர்க்கார் கொடுக்கிற அளவுக்குத்தான் அச்சடிக்கலாம். இரண்டு பக்கமும் அடிக்கவேண்டும், ஓரத்தைக் குறைக்கவேண்டும் என்று உத்தரவு. ஊரில் எல்லாரும் யுத்தத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் என் ஆபீஸுக்கு வந்து முதல் ஒல்லி ரிக்கார்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். உள்ளங்கையை வைத்தார். ஒரு விரல்தான் கொண்டது.

"இப்படி அச்சடிச்சா மனுஷன் எங்கே யோசிப்பான்?" என்றார். குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. இழவு வீட்டில் கேட்பதைப் போல நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பகவதி ஆச்சியின் கேஸ் வந்தது. ஆச்சி எங்கள் நாஞ்சில் நாட்டுப் பக்கத்து மனுஷி. புருஷன் சாலையில் அரிசி வியாபாரம் செய்து, கரமனையில் ஒரு வீடும் நேமத்தில் கொஞ்சம் வயலும் அவள் பெயருக்கு வாங்கி வைத்துவிட்டுச் செத்துப்போனார். வருஷம் திரும்பினதும் புருஷனின் தம்பி ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினான். வீட்டையும் வயலையும் ஆச்சி அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாளாம். அதற்கு அவள் விரல் ரேகை அடையாளமாம். கீழ்க்கோர்ட்டில் ஆச்சி, பத்திரம் எழுதின அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை, சுசீந்திரம் தேருக்குப் போயிருந்தேன் என்று சாட்சி சொன்னாள். ஜட்ஜி நம்பவில்லை. கேஸ் தோற்றது. நான்தான் அவளை நம் சாமியிடம் அப்பீலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அச்சாகி வரட்டும், வாசிச்சுக்கறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. நாங்கள் ஏறின படியில் இறங்கி வந்துவிட்டோம்.

ரிக்கார்டு அச்சுக்கு வந்தபோது அவர் ஒவ்வொரு நாளும் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் உத்தரவுக்கும் நடுவில் நான் நசுங்கினேன். கடைசியில், யுத்தத்துக்கு முன்னால் வாங்கி மூலையில் போட்டிருந்த பழைய தாளில் அவர் விரும்புகிற அகலத்தில் இரண்டே பிரதி அடித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டேன். ஒன்று அவருக்கு, ஒன்று ஜட்ஜிக்கு. "ஜட்ஜியும் யோசிக்கணுமோல்லியோ?" என்றார். எதிர்க்கட்சிக்காரர் யோசிக்க வேண்டிய அவசியமில்லை என்பதால் அவருக்கு ஒல்லிப் பிரதி. இரண்டு அகலப் பிரதிகளையும் ஒரே நீலக் காலிகோவில் பைண்டு செய்தோம். அந்த நீலத்தில் அந்த அளவு துணிதான் மிச்சமிருந்தது.

அவர் தம் பிரதியை எழுதி நிறைத்தார். மாமி சொல்வாள், கல்யாணமான புதிதில்கூட அவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை என்று. எழுதி முடித்ததும் பழைய வேஷ்டியில் சுற்றி வைத்துவிட்டார். எழுதினதைக் கோர்ட்டு வரைக்கும் திறந்து பார்க்கும் வழக்கம் கிடையாது. ஓரத்தில் ஏறினது மனசிலிருந்து இறங்கிவிடும் என்பது அவர் கொள்கை. மனசைக் காலியாக வைத்திருப்பதில் அவருக்குப் பெருமைகூட உண்டு.

விசாரணைக்கு முன்னால் ஜட்ஜியின் பங்களாவுக்குப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் சாமியின் குமாஸ்தா கேசவன்.

விசாரணை அன்றைக்கு ஆச்சிக்குத் துணையாக நானும் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். ஆச்சி பின்வரிசையில் சுவரோடு ஒட்டி நின்றாள். சாமி எழுந்தார், வேஷ்டிச் சுற்றைப் பிரித்தார், புஸ்தகத்தைத் திறந்தார். ஒரு தாளைப் புரட்டினார். இன்னொன்று. பிறகு கட்டாகப் புரட்டினார். ஓரம் எல்லாம் நான் அச்சடித்துக் கொடுத்த மாதிரியே பாலாக இருந்தது.

"கேசவா!"

கேசவன் எட்டிப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது. "ரெண்டும் ஒண்ணு போலத்தன்னே இருந்நு சாமி..." என்று முனகினான்.

சாமி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேலாக வாதாடின மனுஷர், தம் கட்சிக்காரியின் பெயரைக்கூட அச்செழுத்தில் தேடிக்கொண்டிருந்தார்.

மேலே ஜட்ஜியின் முன்னால் இன்னொரு நீலப் புஸ்தகம் திறந்திருந்தது. அந்த ஜட்ஜி நாகர்கோவில் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாக வாசிப்பார். பல வருஷமாக யாருக்கும் புரியக்கூடாது என்று காத்துவந்த பாஷைக்கு, விதி சரியான ஆளைப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தது.

"உம்முடைய ஓரத்தை வாசித்தேன்," என்றார் ஜட்ஜி. "நடுவில் இருப்பதை வாசிக்கவேண்டிய அவசியம் அவ்வளவாக ஏற்படவில்லை." பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தமிழிலேயே உரக்க வாசித்தார். "'இந்த இடத்தில் ஜட்ஜிக்குத் தூக்கம் வரும். குரலை உயர்த்தணும்.' எனக்குத் தூக்கம் வரவில்லை. 'இது நுட்பமான பாயிண்டு. இவருக்குப் புரியாது. வேகமாகக் கடந்து போகவும்.' கடந்து போகவேண்டாம். கொஞ்சம் நின்று எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்."

கோர்ட்டே சிரித்தது. சாமியின் தலைப்பாகை முதல்முறையாக நேராக நின்றது. அவர் அவ்வளவு விறைத்திருந்தார்.

அந்த நுட்பமான பாயிண்டை ஜட்ஜியே குறிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்க, சாமி மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டார். பத்திரத்தில் வீட்டுக்குக் கிழக்கெல்லை ஓடை என்று எழுதியிருக்கிறது. ஆச்சி வீட்டுக்கு ஓடை மேற்கே. கிழக்கே ஓடை உள்ள வீடு அந்தத் தெருவில் எதிர்வரிசையில் இருக்கிறது. ஆக, பத்திரம் ஆச்சி வீட்டைப் பற்றியதே இல்லை. கீழ்க்கோர்ட்டில் யாரும் பார்க்காத விஷயம். சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறிற்று. பின்னால் திரும்பி ஆச்சியைப் பார்த்தேன். அவள் கண்ணில் வீடு திரும்பி வந்துகொண்டிருந்தது.

எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். ஒரு கட்சியின் அந்தரங்கக் குறிப்பைக் கோர்ட்டு வாசிப்பது நியாயமா, தமக்கும் அதைப் பார்க்க உரிமை உண்டே என்றார். ஜட்ஜி யோசித்தார். நியாயம்தான் என்றார். நீலப் புஸ்தகம் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போயிற்று. அது போகிற வழியெல்லாம் சாமியின் கண் அதன்மேலேயே இருந்தது. பிள்ளையைப் பிறத்தியார் கையில் கொடுக்கிற தாய்கூட அப்படிப் பார்க்க மாட்டாள்.

அந்த வக்கீலுக்கும் தமிழ் தெரிந்திருந்தது. திருவனந்தபுரத்தில் தமிழ் தெரியாத ஆள் அன்றைக்கு லீவில் போயிருந்தான் போல. அவர் நிதானமாகப் புரட்டினார். ஒரு தாளில் நின்றார். சிரித்தார்.

"கனம் கோர்ட்டார் இந்தப் பக்கத்தையும் பார்க்கவேண்டும்," என்று வாசித்தார். "'ஆச்சி பொய் சொல்கிறாள். தேருக்குப் போகவில்லை. அன்று வீட்டில்தான் இருந்திருக்கிறாள். ஜன்னலில் ஆச்சியைப் பார்த்ததாகப் பால்காரி சாட்சியில் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். எதிர்க்கட்சி இதைக் கவனிக்கவில்லை. வாயைத் திறக்காதே.'"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆச்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

தீர்ப்பு சில நாள் கழித்து வந்தது. எல்லை பொருந்தாததால் வீடு ஆச்சிக்கு. வயலுக்கு எல்லை சரியாக இருந்தது, ரேகையும் அவளுடையது, ஊரில் இல்லை என்று சொன்னது பொய் என்று அவள் வக்கீலே நினைக்கிறார். வயல் கொழுந்தனுக்கு. அத்தனை வருஷம் சாமி கோர்ட்டில் வாய் வலிக்கப் பேசினதை நம்பாத ஜட்ஜிகளெல்லாம் ஒரு பக்கம். கோர்ட்டுக்கு என்று எழுதாத ஒரு வரியை முழுசாக நம்பின ஜட்ஜி ஒரு பக்கம்.

இரண்டொரு நாள் கழித்து ஆச்சி சாமியைப் பார்க்கவேண்டும் என்றாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து, விலக்குவதற்காக நானும் கூடப் போனேன். கையில் ஒரு சீப்பு ஏத்தன்பழம் வைத்திருந்தாள். மாமியிடம் அதைக் கொடுத்துவிட்டு மாடிக்கு வந்தாள். சாமி எழுதிக்கொண்டிருக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தவரையில் அது அபூர்வம்.

"சாமி, நான் பொய் சொன்னேன்னு எழுதியிருந்தியளே?"

"பொய்தானே ஆச்சி?" என்றார். குரலில் வக்கீல் இல்லை.

"பொய்தான்." ஆச்சி தயங்கவில்லை. "அன்னைக்கு நான் வீட்டுலதான் கெடந்தேன். கொழுந்தனாரு என்னை அறைக்குள்ள போட்டுப் பூட்டியிருந்தாரு. குடிக்கத் தண்ணி தரல்ல. ஜன்னல் வழியாட்டு பாலுகாரி போறதப் பாத்தேன். கூப்பிடதுக்கு நாக்கு எழும்பல்ல, பாத்துக்கிடுங்க. பெறவு கதவத் தொறந்து, வெரலப் பிடிச்சு மையில அமுக்கி, தாள்ல வச்சாரு. அத்தன ஆம்பளைய கூடியிருக்க எடத்துல என்னை மாட்ட பூட்டுன மாதிரி பூட்டியிருந்தாவன்னு எப்பிடிச் சொல்லுவேன்? கேவலம்லா. அதான் தேருக்குப் போனேன்னு சொல்லிட்டேன்."

சாமி எழுந்துவிட்டார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார்.

"பூட்டி வச்சு ரேகை எடுத்தானா? அப்போ பத்திரமே செல்லாதே! பால்காரி உங்களை ஜன்னல்லே பாத்தது நமக்கு எதிர் சாட்சியே இல்லையே, நம்ம சாட்சியாக்கும் அவ! கேஸைக் கீழ்க்கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பி மறுபடியும் விசாரிக்கச் சொல்லியிருப்பேனே. வீடும் வயலும் ரெண்டும் நின்னிருக்குமே!" ஆச்சியின் பக்கம் திரும்பினார். "ஏன் ஆச்சி, இதை ஏன் என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லலை?"

ஆச்சி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். கோபம் துளிகூட இல்லை. அதுதான் எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

"சாமி கேக்கலியே," என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மாடிப்படியில் மாமி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவர் திரும்பி வந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு ஆச்சிக்கு எதிரில் பாயில் உட்கார்ந்தார்.

"வேறே என்னெல்லாம் நான் கேக்கலை, ஆச்சி?"

"அது நெறைய கெடக்கு சாமி," என்று ஆச்சி காலை மடக்கி வசதியாக உட்கார்ந்தாள்.